அரைக் கட்டை ஏறிய பாட்டு

பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ 1967-ல் வெளிவந்தபோது, பிரிட்டன் கடைகளில் ஒரே படம் போட்ட அட்டைக்குள் இரண்டு வெவ்வேறு ஆல்பங்கள் இருந்தன. ஒன்று மோனோ, மற்றது ஸ்டீரியோ. ஒலி ஒரே இடத்திலிருந்து வருகிறதா, இடமும் வலமுமாகப் பிரிந்து வருகிறதா என்பது மட்டும்தான் வித்தியாசம் என்று வாங்கியவர்கள் நினைத்திருப்பார்கள். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாட்டை இரண்டிலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் அந்த நினைப்பு போய்விடும். மோனோவில் பாட்டு வேகமாக ஓடுகிறது. சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை மேலே. வீட்டை விட்டுப் போகிற பெண் ஸ்டீரியோவில் தயங்கித் தயங்கி நடக்கிறாள். மோனோவில் அவளுக்கு அவசரம். ‘லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்’ பாட்டில் லெனனின் குரல் மோனோவில் நெளிந்து சுழல்கிறது; ஸ்டீரியோவில் அந்த நெளிவு பாதிகூட இல்லை. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கடைசியில் திரும்ப வருமே, அதன் முடிவில் பால் மெக்கார்ட்னி கத்துவது மோனோவில் காதில் விழுகிறது. ஸ்டீரியோவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு வந்த வெள்ளை அட்டை ஆல்பத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ ஸ்டீரியோவில் நாலரை நிமிடம் ஓடி, விரலெல்லாம் கொப்புளம் என்று டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ அலறுவதில் முடிகிறது. மோனோவில் மூன்றரை நிமிடத்தைத் தாண்டியதும் பாட்டு முடிந்துவிடுகிறது. அலறலே கிடையாது.

கிளாசிக் ராக் ரசிகர்கள் ஒரே ஆல்பத்தை நான்கைந்து தடவை வாங்குவதைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வது உலக வழக்கம். மோனோ, ஸ்டீரியோ, நாற்பதாம் ஆண்டு ரீமிக்ஸ், ஐம்பதாம் ஆண்டு ரீமிக்ஸ், அதிலும் கறுப்புத் தட்டாகவே வேண்டும் என்ற பிடிவாதம். இதைப் பித்து என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இந்த ரசிகர்கள் கேட்கிற வித்தியாசங்களில் பெரும்பாலானவை உண்மையானவை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் பல சமயம் தவறு.

முதலில் மிக்ஸ் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். ‘பெப்பர்’ பதிவான லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் இருந்தது ஸ்டூடர் ஜே37 என்ற டேப் இயந்திரம். ஓர் அங்குல அகல நாடாவில் நான்கே நான்கு டிராக். டிரம்ஸ், பேஸ், கிடார், குரல் என்று போட்டாலே நான்கும் நிரம்பிவிடும். இன்னும் கருவிகள் சேர்க்க வேண்டுமென்றால் அந்த நான்கையும் ஒன்றாகவோ இரண்டாகவோ ஒடுக்கி இன்னொரு நாடாவுக்கு மாற்ற வேண்டும். அங்கே மீதமுள்ள டிராக்குகளில் புதியதைச் சேர்க்க வேண்டும். ஒடுக்கிய கணத்தில் டிரம்ஸ் எவ்வளவு, கிடார் எவ்வளவு என்ற விகிதம் உறைந்துபோகும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு மாற்றலிலும் நாடாவின் இரைச்சல் கொஞ்சம் கூடும், மேல் சுரங்களின் கூர்மை கொஞ்சம் மழுங்கும்.

எல்லாம் பதிவான பிறகு, இந்த டிராக்குகளைக் கலந்து இறுதி நாடாவில் இறக்குவதுதான் மிக்ஸ். அன்றைய மிக்ஸிங் மேசைக்கு நினைவாற்றல் கிடையாது. பாட்டு ஓடும்போதே ஒலியளவுகளைக் கையால் ஏற்றி இறக்க வேண்டும். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் மேசை முன் உட்கார்ந்து செய்ததே ஒரு வாசிப்புதான். இரண்டாம் முறை அச்சு அசலாக அப்படியே வராது. அன்று பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் மோனோ கருவிதான் என்பதால், பீட்டில்ஸ் நால்வரும் கூடவே இருந்து வாரக்கணக்கில் இழைத்தது மோனோவை. ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமலே சில நாட்களில் முடித்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளாக உலகம் கேட்டுக்கொண்டிருப்பது இந்த இரண்டாவதை.

லெனன் குரலின் நெளிவுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்தால் குரல் கனமாகும். லெனனுக்கு அப்படி மறுபடி பாடுவது அலுப்பு. ஆபி ரோடு பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடிய குரலை இரண்டாவது டேப் இயந்திரத்துக்கு அனுப்பி, சில மில்லி நொடிகள் தாமதித்து, அசலோடு சேர்த்தார். அந்த இரண்டாவது இயந்திரத்தின் வேகத்தை ஒரு குமிழைத் திருகி மாற்றலாம். தாமதம் மிகக் குறையும்போது இரு அலைகளும் சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சிலவற்றில் கூடும். குமிழைத் திருகத் திருக, அந்த அழிவு நிகழும் இடம் அதிர்வெண் ஏணியில் ஏறி இறங்கும். காதுக்கு அது நெளிவாகக் கேட்கிறது. குமிழைத் திருகியது மனிதக் கை. மோனோவுக்கு ஒரு விதம் திருகியது, ஸ்டீரியோவுக்கு இன்னொரு விதம்.

இவ்வளவு நுணுக்கத்தை சாதாரண ரசிகனின் காது கவனிக்குமா? கவனிக்கும், நாம் நினைப்பதைவிட அதிகமாகவே கவனிக்கும். 1999-ல் கிளென் ஷெல்லன்பெர்க்கும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். பிரபலமான பாட்டுகளின் ஒலிப்பதிவிலிருந்து 100 அல்லது 200 மில்லி நொடி நீளத் துணுக்குகளை மட்டும் போட்டுக்காட்டி, கொடுத்திருக்கும் ஐந்து பாட்டுகளில் இது எது என்று கேட்டார்கள். நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. ஆனாலும் கேட்டவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடத் தெளிவாக அதிக முறை சரியாகச் சொன்னார்கள். அப்படியானால் மூளை சேமித்து வைத்திருப்பது மெட்டை மட்டுமல்ல. அந்த ஒலிப்பதிவின் தொனியையே, அதன் எதிரொலியையும் கரகரப்பையும் சேர்த்தே சேமித்திருக்கிறது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் டேனியல் லெவிட்டின், இசைப் பயிற்சி பெறாத மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, பிடித்த பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார். பத்தில் நான்கு பேர் ஒரு முறையாவது ஆல்பத்தின் சுருதியிலேயே சரியாகப் பிடித்தார்கள்.

அரைக் கட்டை வித்தியாசம் ஏன் ஒரு பீட்டில்ஸ் ரசிகனை நாற்காலியிலிருந்து எழவைக்கிறது என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. நம் கச்சேரி ரசிகருக்கு ஒரு கீர்த்தனையைப் பத்துப் பேர் பத்து விதமாகப் பாடுவது சகஜம். மூலப் பிரதி என்று ஓர் ஒலிப்பதிவு அவர் மனதில் இல்லை. ராக் ஆல்பத்தில் ஒலிப்பதிவே படைப்பு. பதினைந்து வயதில் நூறு முறை கேட்டது எலும்பில் ஊறிவிட்டது. அதன் ஒவ்வொரு அசைவையும் மூளை முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொண்டு போகிறது. மாண்ட்ரியலில் ராபர்ட் ஸட்டோரின் ஆய்வுக்குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வு, பிடித்த இசையின் உச்சத்தில் மட்டுமல்ல, அந்த உச்சத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நொடிகளிலேயே மூளையில் டோபமின் சுரப்பதைக் காட்டியது. மாற்று மிக்ஸில் அந்த எதிர்பார்ப்பு தொண்ணூறு பங்கு நிறைவேறுகிறது, மீதியில் ஏமாறுகிறது. தெரிந்த திருப்பத்தில் தெரியாத கிடார் ஒன்று எட்டிப்பார்க்கிறது. முற்றிலும் புதிய பாட்டால் இந்தச் சிலிர்ப்பைத் தர முடியாது என்பது என் கணிப்பு, ஏனென்றால் அங்கே ஏமாறுவதற்கு எதிர்பார்ப்பே இல்லை.

இந்தச் சிலிர்ப்பை ஒரு தொழிலாகவே மாற்றியவர் ஸ்டீவன் வில்சன். 2009-லிருந்து கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், யெஸ் என்று எழுபதுகளின் பல ஆல்பங்களைப் பழைய பல-டிராக் நாடாக்களிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்திருக்கிறார். முதலில் பழைய மிக்ஸை முடிந்தவரை அப்படியே திரும்பக் கட்டுவார். பிறகுதான் தெளிவுக்காகக் கை வைப்பார். 1971-ல் மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்த ஜெத்ரோ டல்லின் ‘அக்வாலங்’ 2011-ல் அவர் கையில் வாய் திறந்தது. 2017-ல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் ‘பெப்பரை’ மறுபடி ஸ்டீரியோவாக மிக்ஸ் செய்தபோது வழிகாட்டியாக வைத்துக்கொண்டது மோனோவைத்தான். ஒடுக்குவதற்கு முந்தைய நாடாக்களைத் தேடியெடுத்து, கணினியில் நொடி பிசகாமல் அடுக்கினார். 1967-ல் இரண்டு தலைமுறை நகலுக்குப் பின்னால் மங்கிக் கிடந்த ரிங்கோவின் டிரம்ஸ் முன்னால் வந்தது.

எல்லா ரீமிக்ஸும் இப்படி வாய்ப்பதில்லை. இகி பாப்பின் ஸ்டூஜஸ் குழு வெளியிட்ட ‘ரா பவர்’ (1973) ஆல்பத்தை டேவிட் போவி அவசரத்தில் மிக்ஸ் செய்தார். பேஸும் டிரம்ஸும் மெலிந்து, கிடாரும் குரலும் முகத்தில் அறையும். பல ஆண்டுகள் எல்லோரும் போவியைத் திட்டினார்கள். 1997-ல் இகி பாப்பே மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டார். மானி முள் சிவப்பைத் தாண்டும் அளவுக்கு ஒலியை ஏற்றியிருந்தார். சிடி சரித்திரத்திலேயே காதைக் கிழிக்கும் ஆல்பங்களில் ஒன்று அது. அதன்பிறகு போவியின் மிக்ஸ் அவ்வளவு மோசமில்லையே என்று பலருக்குத் தோன்றியது. 2010-ல் போவியின் மிக்ஸையே துடைத்துத் திரும்பவும் வெளியிட்டார்கள். மெலிந்த ஒலிதான் அந்த ஆல்பத்தின் குணம் என்று எனக்கும் படுகிறது.

இனி கறுப்புத் தட்டு, அதாவது வினைல். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்.பி.யை கொலம்பியா நிறுவனம் 1948-ல் அறிமுகப்படுத்தியது. தட்டின் சுழற்சி வேகம் மாறுவதில்லை. ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் மாறுகிறது. வெளி விளிம்பில் ஒரு சுற்று ஏறக்குறைய 92 செ.மீ. நீளம், நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும். லேபிளை நெருங்கும்போது சுற்று சுருங்கி, வேகம் நொடிக்கு 21 செ.மீ.க்கு இறங்கிவிடும். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளம் எடுத்துக்கொள்கிறது. உள்ளே அதே அலைக்கு 21 மைக்ரான்தான் இடம். சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரமே 15 முதல் 18 மைக்ரான். அந்தக் குறுகிய வளைவுக்குள் முனையால் முழுமையாகப் புக முடியாது. சிம்பல் ஒலி பிசிறடிப்பதும், ‘ச’, ‘ஷ’ ஒலிகள் எரிச்சலாகக் கேட்பதும் பக்கத்தின் கடைசிப் பாட்டில்தான். இதைத் தெரிந்த தயாரிப்பாளர்கள் பக்கத்தின் முடிவில் ஒரு மெல்லிய பாட்டை வைக்க விரும்பினார்கள். ஆல்பத்தின் பாட்டு வரிசையை இயற்பியலும் கொஞ்சம் தீர்மானித்தது.

பேஸ் வேறொரு தலைவலி. ஆழ்ந்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் பக்கவாட்டில் மிக அகலமாக அலையும். ஒரு பக்கத்தில் பத்து நிமிடம்கூட அடங்காது. மேல் ஒலியை அப்படியே வெட்டினால் தட்டின் சரசரப்பில் அது மூழ்கிவிடும். எனவே வெட்டும்போது பேஸைக் குறைத்து, மேல் ஒலியைத் தூக்கி, இசைக்கும்போது ஆம்ப்ளிஃபையரில் தலைகீழாகத் திருப்புகிறார்கள். 1954-ல் அமெரிக்க ஒலிப்பதிவுத் துறை ஒப்புக்கொண்ட கணக்கின்படி 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் குறைப்பு, 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் ஏற்றம். இரண்டு முனைக்கும் இடையே வீச்சில் நூறு மடங்கு வித்தியாசம். ‘இயற்கையான ஒலி’ என்று வினைல் ரசிகர்கள் புகழும் தட்டுக்குள் இருப்பது இப்படி முறுக்கிப் பிழிந்து திரும்ப நிமிர்த்திய ஒலி. அது வேலை செய்கிறது என்பதே எனக்கு அதிசயம்.

ஸ்டீரியோ வந்த விதமும் சுவையானது. இ.எம்.ஐ.யில் இருந்த ஆலன் புளூம்லைன் 1931-லேயே காப்புரிமை கேட்ட யோசனை இது: V வடிவப் பள்ளத்தின் ஒரு சுவரில் இடது ஒலி, மறு சுவரில் வலது. இரண்டுக்கும் பொதுவானது ஊசியைப் பக்கவாட்டில் அசைக்கும்; இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மேலும் கீழும் அசைக்கும். கடைகளுக்கு ஸ்டீரியோ தட்டுகள் வர 1958 ஆனது. பேஸ் இரு பக்கமும் எதிரெதிராகப் போனால் ஊசி எம்பிக் குதித்துவிடும் என்பதால், வெட்டுபவர்கள் ஆழ்ந்த ஒலிகளை நடுவுக்குக் கொண்டுவந்து விடுவார்கள்.

இத்தனை கட்டுப்பாடுகளுக்கு நடுவே எவ்வளவு சத்தமாக, எவ்வளவு அகலமாக வெட்டுவது என்று முடிவு செய்வது கட்டிங் எஞ்சினியர். லெட் செப்பெலினின் இரண்டாவது ஆல்பத்தை 1969-ல் அமெரிக்காவில் வெட்டியவர் இளைஞர் ராபர்ட் லட்விக். தயக்கமில்லாமல் சத்தமாக வெட்டினார். சின்னப் பிளேயர் ஒன்றில் ஊசி தாவியதாம். அதனால் அட்லாண்டிக் நிறுவனத்தில் அடக்கமாக மறுபடி வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்று லட்விக் பின்னாளில் சொன்னார். லேபிளைச் சுற்றிய வெற்று வளையத்தில் ‘ஆர்.எல்.’ என்று கீறிய அந்த முதல் தட்டுகளுக்கு இன்று பல நூறு டாலர் விலை. மிக்ஸ் அதேதான். வெட்டிய கை மட்டும் வேறு. இப்படி நாட்டுக்கு நாடு தனித்தனியாக அச்சிட்டதால், கொல்கத்தா டம் டம் ஆலையில் அச்சான பீட்டில்ஸ் தட்டுகளைக்கூடத் தேடுகிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

சிடி 1982-ல் வந்தபோது இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் போயின. மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடம். வினைலில் 60, 70 கிடைத்தால் பெரிது. ஆனால் கிடைத்த இடத்தைப் பயன்படுத்தாமல், எல்லாவற்றையும் நசுக்கி உச்சத்திலேயே நிறுத்தும் சத்தப் போட்டி தொண்ணூறுகளில் தொடங்கியது. காரணம் நம் காதுதான். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்தபடி, சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸும் கூரொலியும் நமக்குச் சரியாகக் கேட்பதில்லை. சத்தம் கூடினால் இசை நிறைந்ததாகத் தோன்றுகிறது. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ (2008) சிடியைவிட அதே பாட்டுகள் ‘கிடார் ஹீரோ’ வீடியோ விளையாட்டில் தெளிவாகக் கேட்கின்றன என்று ரசிகர்கள் கொதித்தார்கள். விளையாட்டுக்குப் போனது நசுக்காத ஒலி.

‘வினைலில் மூச்சு விட இடமிருக்கிறது’ என்ற பேச்சில் உண்மை இருப்பது இங்கேதான். தட்டுக்கென்று தனியாக, நசுக்காமல் மாஸ்டர் செய்திருந்தால் அது நன்றாகத்தான் இருக்கும். சிடிக்கு நசுக்கிய அதே கோப்பிலிருந்து வெட்டியிருந்தால் ஒரு லாபமும் இல்லை. அப்போதும் தட்டிலிருந்து பதிந்து, மூச்சு விட எவ்வளவு இடம் என்று அளந்தால் கருவி தாராளமான எண்ணைக் காட்டும். வெட்டுவதிலும் இசைப்பதிலும் அலைகளின் கட்டம் நகர்ந்து சில உச்சிகள் உயர்வதால் வருகிற மாயம் அது. அந்த எண்ணைக் காட்டிச் சண்டை போடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் நட்பு போய்விடும்.

நட்பு போனாலும் 2022 ஜூலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் பழைய ஆல்பங்களை விலையுயர்ந்த தட்டுகளாக மறுபதிப்பிட்டுப் பெயர் வாங்கியது. அசல் நாடாவிலிருந்து நேராக, டிஜிட்டல் கலப்பே இல்லாமல் வெட்டியவை என்றுதான் வாங்குபவர்கள் நம்பினார்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லரை’ 40,000 பிரதிகள் விற்கப்போவதாக அறிவித்ததும் சிலருக்குச் சந்தேகம் வந்தது: அவ்வளவு பிரதிகளுக்கு வெட்டத் தேவையான அளவுக்கு அசல் நாடாவை மறுபடி மறுபடி ஓட்ட யார் விடுவார்கள்? இடையில் ஒரு டிஜிட்டல் நகல் பல ஆண்டுகளாகவே இருந்துவந்தது என்று நிறுவனப் பொறியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். வழக்கு வந்தது, 2.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. டிஜிட்டல் வாடை பட்டாலே காது சொல்லிவிடும் என்று சத்தியம் செய்தவர்கள் அந்தத் தட்டுகளையே அனலாகின் சிகரம் என்று புகழ்ந்து எழுதியிருந்தார்கள்.

அது வியப்பல்ல. 2007-ல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், உயர்தர டிஜிட்டல் ஒலியைச் சாதாரண சிடி தரத்துக்கு இறக்கிப் போட்டும் கேட்பவர்களால் பிரித்தறிய முடியவில்லை; 554 முயற்சிகளில் 276 சரி, நாணயம் சுண்டியதற்குச் சமம். ஆனால் ரசிகர்களை எள்ளி நகையாடியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தத் தட்டுகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. நல்ல நாடாவைத் தேடிப்பிடித்து, தேர்ந்த கைகள் அவசரமில்லாமல் வெட்டியவை. ரசிகர் கேட்டது அந்தக் கைகளை; பாராட்டை வாங்கிக்கொண்டது அனலாக் என்ற சொல்.

இரண்டு பதிப்புகளை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: முதலில் ஒலியளவைக் கருவி வைத்துச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே ‘உயிரோட்டமாக’ இருப்பதாக உங்கள் காது சத்தியம் செய்யும். சமப்படுத்திய பிறகும் தெரிகிற வித்தியாசத்தைப் பற்றி இரவெல்லாம் சண்டை போடலாம்.

சண்டைக்கு இனிப் பஞ்சமிருக்காது. ‘ரிவால்வர்’ ஆல்பத்தின் ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் கிடார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒரே டிராக்கில் இருந்ததால், அதை மறுபடி மிக்ஸ் செய்வது ஆகாத காரியம் என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு பீட்டில்ஸ் ஆவணப்படத்துக்காக உருவாக்கிய இயந்திரக் கற்றல் மென்பொருள் அந்த மூன்றையும் பிரித்துவிட்டது. கிடார் எப்படி ஒலிக்கும், டிரம்ஸ் எப்படி ஒலிக்கும் என்று பழகிய கணினி, 1966-ல் கலந்த பாலையும் நீரையும் 2022-ல் பிரித்துக் கொடுத்தது. ஒடுக்கிய நாடாவைப் பிரிக்கவே முடியாது என்ற பழைய விதி இனி செல்லாது. இரண்டே டிராக்கில் பதிந்த ஆரம்பகால ஆல்பங்களும் வரிசையில் நிற்கின்றன. அந்த அக்டோபரில் ஜைல்ஸ் மார்ட்டினின் புதிய ‘ரிவால்வர்’ மிக்ஸ் பெரிய பெட்டியாக வந்தது. அதை வாங்கப்போவது யார் என்று விற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும்: அதே பெட்டிக்குள் 1966-ன் மோனோ மிக்ஸையும் ஒரு தட்டாக வைத்திருந்தார்கள்.